ரேடியோ கண்ட்ரோல் மாடல் ஸ்பிட்ஃபயர்: எலிவேட்டர் (வால்ல ஏறி இறங்கற பலகை) ரெண்டு பக்கமும் ஒரே அளவு ஏறல, அவசரம்

பால்சா_பிரியன்:
இடது பாதி 15 மி.மீ ஏறுது, வலது 12தான் ஏறுது. ரேடியோல எல்லாம் மாத்திப் பாத்தாச்சு. ஞாயித்துக்கிழமை முதல் ஃப்ளைட். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

வால்சிறகு:
என்ன சைஸ்? ஒரு சர்வோவா (எலிவேட்டரை அசைக்கற குட்டி மோட்டார்), ரெண்டா? ரெண்டு பாதியையும் நடுவுல பியானோ வயர் (கெட்டி ஸ்டீல் கம்பி) இணைக்குதா, இல்ல தனித்தனியா? ஹார்ன் (சர்வோவுல இருந்து வர்ற ராட் எலிவேட்டர்ல மாட்டற கொம்பு) மேலயா கீழயா? இதெல்லாம் தெரியாம என்ன சொல்றது?

டார்க்_மணி:
சர்வோ வீக் ப்ரோ. 10 கிலோ மெட்டல் கியர் டிஜிட்டல் போடுங்க, சரியாயிடும்.

வால்சிறகு:
மணி, ஒரே சர்வோவா இருந்தா அதே ஆர்ம்தான் (சர்வோ மேல திரும்பற கை) ரெண்டு பக்கத்தையும் தள்ளுது. சர்வோ வீக்னா ரெண்டும் சேந்துதான் குறையும்.

மூத்த_பைலட்:
இந்தக் கேள்விக்கு இங்க எத்தனையோ தடவை பதில் சொல்லியாச்சு. தம்பி முதல்ல பழைய இழைகளைத் தேடிப் படிச்சுட்டு வரணும். ஸ்டிக் நடுவுல இருக்கும்போது சர்வோ ஆர்ம் ராடுக்கு 90 டிகிரில நிக்கணும். ரேடியோவுல சப் ட்ரிம் செட்டிங்ல இழுத்துக் கொண்டுவரக் கூடாது, ஆர்மைக் கழட்டி அடுத்த பல்லுல மாட்டணும், மிச்சத்தை ராட் முனையில இருக்கற கிளெவிஸ் கொக்கியைத் திருகி சரி பண்ணணும். ஹார்ன் ஓட்டை ஹிஞ்ச் (கீல்) கோட்டுக்கு நேர் கீழ வரணும். உங்க வலது ஹார்ன் தள்ளி இருக்கு, அவ்வளவுதான். அடிப்படை தெரியாம வார்பேர்டுல (போர் விமான மாடல்ல) இறங்காதீங்க.

பால்சா_பிரியன்:
60 சைஸ் (இன்ஜின் அளவு) ஏ.ஆர்.எஃப், அதாவது பெரும்பாலும் கட்டி முடிச்சு வர்ற கிட். ஒரே சர்வோ. ராட் வால் பக்கத்துல ரெண்டா பிரியுது. ஹார்ன் கீழ.

கணக்கு_டேபிள்:
நடுவுல இணைப்புக் கம்பி இல்ல, சரி. ஹார்ன் தள்ளி இருக்குங்கறதைக் கணக்குப் போட்டுப் பாத்தேன். ஆர்ம் 10 மி.மீ, 45 டிகிரி திரும்பினா ராட் 7 மி.மீ நகரும். ஹார்ன் உயரம் 20, எலிவேட்டர் அகலம் 45ன்னு வச்சா ஓரம் 15 மி.மீக்குக் கொஞ்சம் மேல ஏறும். அந்த ஓட்டையை 4 மி.மீ பின்னால தள்ளினாலும் மாறுறது அரை மி.மீதான். 3 மி.மீ வித்தியாசம் அதுல வராது. ஹார்ன்ல வேற ஓட்டையில மாட்டி, உயரம் ஒரு பக்கம் 20, இன்னொரு பக்கம் 25ன்னு இருந்தா வரும். ஆனா அப்படின்னா கீழ இறங்கறதும் அதே விகிதத்துல குறையணும். கீழ எவ்வளவு இறங்குது?

பால்சா_பிரியன்:
கீழ ரெண்டுமே 14.

கணக்கு_டேபிள்:
அப்ப ஹார்ன் இல்ல, ராட்தான் வளையுது. ஹார்ன் கீழ இருக்கறதால எலிவேட்டர் ஏறணும்னா ராட் தள்ளணும், இறங்கணும்னா இழுக்கணும். இழுத்தா கம்பி நிமிரும், தள்ளினா வில்லு மாதிரி வளையும். 2 மி.மீ ஸ்டீல் கம்பி 300 மி.மீ நீளத்துக்குத் தாங்கல் இல்லாம நின்னா சுமார் 1.7 கிலோ அழுத்தத்துலயே மடங்க ஆரம்பிக்கும். நீளத்தைப் பாதியாக்கினா நாலு மடங்கு தாங்கும். 5 கிலோ-செ.மீ சர்வோ 10 மி.மீ ஆர்ம்ல 5 கிலோ தள்ளும். ஹார்னுக்குப் போக பக்கவாட்டுல வளைச்ச கம்பின்னா இதை விட சீக்கிரம் மடங்கும்.

வலது பக்கம் ஏதோ பிடிக்குது, அதனாலதான் அந்தக் கம்பி மட்டும் வளையுது. ரெண்டு கிளெவிஸையும் கழட்டுங்க. எலிவேட்டர் தன் எடையிலயே தொங்கி விழணும். எது விழாம நிக்குதோ அந்தப் பக்க ஹிஞ்சைப் பாருங்க. அப்புறம் மாட்டிட்டு, ஓரத்தை விரலால லேசாப் பிடிச்சு முழு அப் கொடுங்க, இன்னொருத்தர் உள்ள டார்ச் அடிச்சு ராடைப் பாக்கட்டும். தரையில 3 மி.மீ போகுதுன்னா டைவ்ல இருந்து தூக்கும்போது காத்து அழுத்தத்துல எவ்வளவு போகும்னு யோசிங்க.

டார்க்_மணி:
இதுக்குத்தான் பாதிக்கு ஒரு சர்வோன்னு வால்லயே வைக்கச் சொல்றேன். நீள ராடே வேண்டாம். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இறக்கிடும்.

வால்சிறகு:
ஸ்பிட்ஃபயர்லயா? மூக்கு குட்டை ப்ளேன் அது, ஏற்கனவே பேலன்ஸுக்கு மூக்குல ஈயம் கேக்கும். ஸ்டாண்டர்ட் சர்வோ ரெண்டு வால்ல வச்சா 90 கிராம். வால் தூரம் மூக்கு தூரத்தை விட மூணு மடங்குன்னா முன்னால 270 கிராம் ஏத்தணும். அந்த எடையோட மெதுவா இறக்க முடியாது.

டார்க்_மணி:
20 கிராம் மெட்டல் கியர் மைக்ரோ இருக்கு. ரெண்டு சேந்தே 40தான்.

மூத்த_பைலட்:
மைக்ரோ கியர்ல ஆட்டம் சீக்கிரம் வரும். எலிவேட்டர்ல ஆட்டம் இருந்தா ஃப்ளட்டர் (காத்துல படபடன்னு அதிர்றது), ஃப்ளட்டர் வந்தா வால் மிஞ்சாது. ஒரே சர்வோ, நடுவுல 3 மி.மீ பியானோ வயர் இணைப்பு, அதான் சரியான வழி.

டார்க்_மணி:
ஏ.ஆர்.எஃப்ல ஃபிலிம் ஒட்டின வாலைப் பிரிச்சு அந்த வயரை எப்படி நுழைப்பீங்க?

மூத்த_பைலட்:
பொறுமை இருக்கறவங்க நுழைப்பாங்க.

வால்சிறகு:
எந்த வழியா இருந்தாலும் சிஜி (எடை மையம்) பின்னால போகக் கூடாது. நிஜ ஸ்பிட்ஃபயர் மார்க் 5லயே பிட்ச் (மூக்கு ஏறி இறங்கறது) ரொம்ப சென்சிட்டிவா இருந்து எலிவேட்டர் கண்ட்ரோல்ல பாப்வெயிட்ங்கற எடையைச் சேத்தாங்க. மாடலுக்கு முதல் ஃப்ளைட்ல 25 சதவீதம் எக்ஸ்போ (ஸ்டிக் நடுவுல மென்மையா வேலை செய்யற ரேடியோ செட்டிங்), த்ரோவை (எலிவேட்டர் ஏறி இறங்கற அளவை) 12 மி.மீக்குக் குறைங்க. ரேடியோவுல பாதிக்கு வெட்டிக் குறைக்காதீங்க, அப்படிச் செஞ்சா சர்வோ பலமும் நுணுக்கமும் வீணாப் போகுது, ஆட்டம் மட்டும் முழுசா நிக்கும். ஆர்ம்ல உள் ஓட்டை, ஹார்ன்ல வெளி ஓட்டை.

பால்சா_பிரியன்:
வலது ஹிஞ்ச்தான். ஹிஞ்சோட பின் (நடு ஊசி) இருக்கற இடத்துல பசை இறங்கியிருக்கு. ராடும் வளையுது. நன்றி.

கணக்கு_டேபிள்:
பசை இறங்கின ஹிஞ்சை ஆட்டி ஆட்டி லூஸ் பண்ணாதீங்க, மெல்லிய பிளேடால வெட்டி எடுத்துட்டுப் புதுசு போடுங்க. ஒட்டறதுக்கு முன்னாடி பின் மேல தீக்குச்சி முனையால துளி வாசலின் தடவினா அங்க பசை பிடிக்காது. ராடுக்கு 6 மி.மீ கார்பன் டியூப் போடுங்க. ரெண்டு கம்பியும் டியூபை விட்டு வெளிய நிக்கறது 100 மி.மீக்குள்ள இருக்கட்டும், சேர்ற இடத்துல நூல் சுத்தி எபாக்ஸி. பியூஸ்லேஜ் (ப்ளேன் உடம்பு) நடுவுல லைட் ப்ளைவுட்ல ஓட்டை போட்டு ஒரு தாங்கல் குடுங்க, டியூப் உரசாம வழுக்கிப் போகணும். கிளெவிஸ் மேல எரிபொருள் குழாய்த் துண்டு மாட்ட மறக்காதீங்க.

டார்க்_மணி:
முதல் ஃப்ளைட் எப்படிப் போச்சு ப்ரோ?

வால்சிறகு:
எபாக்ஸி காஞ்சப்புறம் அந்த விரல் டெஸ்டைத் திரும்பப் பண்ணினீங்களா? ரெண்டு பக்க அளவையும் மேல, கீழ தனித்தனியா போடுங்க.