'ஓர்னாதுஸ்' என்ற லத்தீன் சொல் உங்களை எங்கே வழுக்கிவிட்டது?

திண்ணைவாசி:
லத்தீன் படிக்கிறவங்க யாராவது இருந்தா உங்க கதையையும் சொல்லுங்க. நான் விழுந்த இடம் வுல்காத்தா என்ற பழைய லத்தீன் பைபிள், ஆதியாகமம் 2:1. வானமும் பூமியும் முடிந்தன, 'எத் ஓம்னிஸ் ஓர்னாதுஸ் எயோரும்' என்று வரும். 'ஓர்னோ' என்றால் அலங்கரிக்கிறேன். அப்போ இது 'அலங்கரிக்கப்பட்டவன்'தானே? 'ஓம்னிஸ்' சேர்த்து 'அலங்கரிக்கப்பட்ட ஒவ்வொருவனும்' என்று நோட்டில் எழுதிட்டேன். வானம், பூமி, கூடவே வரிசையா ஜோடிச்ச மாப்பிள்ளைங்க!

வாத்தியார் 'எயோரும்' மேல விரலை வைத்தார். "அவற்றின்னு வந்திருக்கு. அவற்றின் எது?" அப்புறம்தான் உறைத்தது, ஓர்னாதுஸ் ரெண்டு இருக்கு. ஒன்று வினையிலிருந்து வரும் பெயரடை. பாலுக்கு ஏற்ப ஓர்னாதா, ஓர்னாதும் என்று மாறும். மற்றது 'அலங்காரம்' என்ற பெயர்ச்சொல், வேற்றுமை ஏற்பதில் நான்காம் வாய்பாடு. வசனத்தில் வருவது இதுதான்: 'அவற்றின் அலங்காரம் எல்லாம்'. எழுவாயாக நிற்கும்போது இரண்டும் ஒரே முகம். ஆறாம் வேற்றுமைக்கு வந்தா பிரியும்: பெயரடை 'ஓர்னாதி', பெயர்ச்சொல் 'ஓர்னாதூஸ்'. அச்சுப் புத்தகத்தில் பெரும்பாலும் குறில் நெடில் காட்ட மாட்டாங்க. தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்க, துஸ், தூஸ், பளிச்சுன்னு தெரியும்.

கரையோரம்:
எனக்கு சீசர். கி.மு. 56, இன்றைய பிரான்ஸின் கடற்கரையில் இருந்த வெனெத்தி மக்களோடு கடல் சண்டை. அவங்களோட சுமார் 220 கப்பல்கள், எல்லா வகை ஆயுதங்களாலும் 'ஓர்னாதிஸ்ஸிமே'. 'மிக அழகாக அலங்கரிக்கப்பட்டவை' என்று எழுதினேன். படித்த தோழி, "என்னடி, ஆயுத பூஜையா? கப்பலுக்குப் பொட்டு வெச்சாங்களா?" என்றாள். போருக்கு வேண்டியதையெல்லாம் பூட்டித் தயாராக நிறுத்துவதும் 'ஓர்னாரே'தான்.

திண்ணைவாசி, உங்க வசனத்தைப் பழைய தமிழ் பைபிளில் பாருங்க: 'சர்வ சேனையும்'. எபிரெயத்தில் இருப்பது படை என்ற சொல். கிரேக்கத்தில் அது 'கோஸ்மோஸ்' (ஒழுங்கு, அலங்காரம், உலகம்) ஆச்சு, லத்தீனில் ஓர்னாதுஸ். 'அணி' என்று போட்டிருந்தா நகையும் படையும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கும். எனக்கு அது ஒரு சின்ன ஆதங்கம்.

நிலைக்கண்ணாடி:
நான் சறுக்கியது பக்கத்து வீட்டுச் சொல்லில், 'முந்துஸ்'. பெண்கள் அரை அவுன்ஸுக்கு மேல் தங்கம் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற ஓப்பியுஸ் சட்டத்தை நீக்கச் சொல்லி கி.மு. 195-இல் ரோமில் விவாதம். ரோம வரலாற்றாசிரியர் லிவியுஸ் எழுதியதில் 'முந்துஸ் முலியெப்ரிஸ்' என்று வருது. 'பெண்களின் உலகம்' என்று கவித்துவமா பெயர்த்து, பெருமையா வேற இருந்தேன். முந்துஸ் உலகம்தான், ஆனா இங்கே பெண்களின் ஒப்பனைச் சாமான்.

ரோமச் சட்ட அறிஞர் உல்பியான் இதைப் பிரித்தே வைத்திருக்கார். தோடு, வளையல், மோதிரம் எல்லாம் 'ஓர்னமெந்தா'. கண்ணாடி, வாசனைத் தைலம், தைலக் குப்பி 'முந்துஸ்'. அந்தப் பட்டியலில் மூத்திரச் சட்டியும் இருக்கு, சத்தியமா.

திண்ணைவாசி:
அப்போ பீரோ லாக்கர் ஓர்னமெந்தா, பாத்ரூம் அலமாரி முந்துஸ். நோட்டில் ஏத்திட்டேன்.