கையில் என்ன இருந்தது? கிரேக்கக் கடவுளர் முன் நின்ற அனுபவங்கள்

ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு அம்மாவை அழைத்துப் போனதைப் பற்றி எழுதுகிறேன். அம்மா கோயிலுக்குப் போனால் மூலவரைச் சேவித்துவிட்டு உடனே திரும்புகிறவர் இல்லை. தூண் தூணாக நின்று, இது யார், கையில் என்ன, வாகனம் எது என்று பார்த்துக்கொண்டே வருவார். சின்ன வயதில் எனக்கு அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான்: முகத்தைப் பார்க்காதே, கையைப் பார். சங்கு சக்கரம் என்றால் பெருமாள், மானும் மழுவும் என்றால் சிவன், வேல் என்றால் முருகன்.

அங்கேயும் அது அப்படியே பலித்தது. பாம்புகள் பின்னிய கோல் என்றால் கடவுளரின் தூதர் ஹெர்மிஸ். வில்லோ யாழோ இருந்தால் அப்பல்லோ. ஏதென்ஸின் பார்த்தனான் கோயிலுக்காகச் சிற்பி ஃபிடியாஸ் தங்கத்தாலும் தந்தத்தாலும் செய்து கி.மு. 438-இல் நிறுவிய அதீனா இன்று இல்லை. அதன் சிறிய பளிங்கு நகல் ஒன்று, ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், இந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தலையில் கவசம், வலக்கையில் வெற்றித் தேவதை, இடப்பக்கம் கேடயம், கேடயத்தின் உட்புறம் சுருண்டெழும் பாம்பு. "இது அதீனாதானே?" என்று அம்மா எனக்கு முன்னால் சொல்லிவிட்டார்.

அப்புறம் அந்த வெண்கலச் சிலைக்கு வந்தோம். 2.09 மீட்டர் உயரம். கால்களை அகட்டி, இடக்கையை நேரே நீட்டிக் குறி பார்த்து, வலக்கையைப் பின்னுக்கு ஓங்கி நிற்கிறார். வலது குதிகால் தரையில் படவில்லை. உடம்பின் பாரமெல்லாம் அடுத்த நொடியில் முன்னால் பாயப் போகிறது. கண் இருந்த இடத்தில் இரண்டு குழிகள். எறிய வேண்டிய பொருள் மட்டும் இல்லை. விரல்கள் அதைப் பிடித்த வாக்கில் வளைந்தபடியே இருக்கின்றன.

அம்மா சிலையைச் சுற்றி வந்து அந்தக் கையின் கீழே நின்றார். "கையில இருந்தது எங்கடா?"

கடலில். யூபியா தீவின் வடக்கே ஆர்ட்டிமீசியன் முனைக்கு அருகில் பழங்காலத்தில் மூழ்கிய கப்பலோடு இவர் கிடந்தார். 1926-இல் ஒரு கை கிடைத்தது, 1928-இல் மற்றதெல்லாம். ஆயுதம் கிடைக்கவில்லை. அதனால் இவர் பெயரும் தீரவில்லை. இடியேறு என்றால் கடவுளரின் அரசன் ஜீயஸ், திரிசூலம் என்றால் கடல் கடவுள் பொசைடன். அருங்காட்சியகமும் "ஜீயஸ் அல்லது பொசைடன்" என்றுதான் குறிக்கிறது. கி.மு. 460 வாக்கில் வார்த்த சிலை. அந்தக் காலத்து வெண்கலங்கள் பெரும்பாலும் உருக்கப்பட்டுவிட்டன. இவர் தண்ணீருக்குள் கிடந்ததால் தப்பினார்.

பொசைடன் கட்சிக்காரர்களிடம் நல்ல சாட்சி உண்டு. தென் இத்தாலியில் பொசைடோனியா நகரத்தின் காசுகளில் அவர் இதே நிலையில் திரிசூலத்தை ஓங்கி நிற்கிறார். ஆனால் நான் ஜீயஸ் பக்கம். நீண்ட காம்புள்ள சூலத்தை அந்தக் கையில் வைத்துப் பாருங்கள்: பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது காம்பு முகத்துக்குக் குறுக்கே போகும். இவ்வளவு பாடுபட்டு அந்தத் தாடியையும் புருவத்தையும் செதுக்கியவர் அதை மறைக்க ஒப்பியிருப்பாரா? ஜீயஸின் பழைய தலமான தொதோனாவில் கிடைத்த சிறு வெண்கல ஜீயஸ்களும் இதே மாதிரி கையை ஓங்கி, இரு முனையும் மொட்டுப்போல் கூம்பிய குட்டையான இடியேற்றைப் பிடித்திருக்கிறார்கள். இந்திரனின் வச்சிரம் என்று அம்மாவிடம் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார்.

போகும்போது திரும்பி நின்று கும்பிட்டார். யாருக்கு என்று கேட்கவில்லை.

உங்களில் யாராவது இப்படிக் கிரேக்கச் சிலைக்கோ ஓவியத்துக்கோ முன்னால் நின்றிருந்தால் எழுதுங்கள்.

*

அண்ணா, நீங்கள் கையைத் தேடியதற்கு நேர்மாறான அனுபவம் எனக்கு. ஃபிளாரன்ஸில் படித்த காலத்தில் அங்குள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஒரு மண்பாண்டம் பார்த்தேன். ஃபிரான்சுவா ஜாடி என்பார்கள். 66 சென்டிமீட்டர் உயரம், கி.மு. 570 வாக்கில் ஏதென்ஸில் எர்கோட்டிமோஸ் வனைந்து கிளெய்ட்டியாஸ் வரைந்தது. ஏறக்குறைய 270 உருவங்கள். யார் யார் என்று நாம் திண்டாட வேண்டியதே இல்லை, பக்கத்திலேயே பெயரை எழுதிவிட்டார்! நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள். கணக்குப் பாடத்தில் கற்ற ஆல்ஃபா, டெல்ட்டா, சிக்மாவை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதலில் பிடிபட்டது மதுவின் கடவுள் தியோனிசஸ். கடவுளர் பெரும்பாலும் பக்கவாட்டில் முகம் காட்டி, வீரன் பெலியஸுக்கும் கடல் தேவி தெட்டிஸுக்கும் நடக்கும் கல்யாணத்துக்கு வரிசையாக வருகிறார்கள். இவரோ மதுச்சாடியைத் தோளில் சுமந்துகொண்டு, முகத்தை முழுக்கத் திருப்பி நம்மைப் பார்க்கிறார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு, பார்க்கக் கூடாத நேரத்தில் அகப்பட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

கடவுளருக்கு மட்டும் இல்லை, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் குடம் என்றும், நீரூற்றுக்குப் பக்கத்தில் நீரூற்று என்றும்கூட எழுதியிருக்கிறார். எழுதத் தெரிந்த மகிழ்ச்சி கையை விட்டுப் போகாத ஒரு தலைமுறை அது என்று தோன்றியது.

எனக்கு மிகவும் பிடித்தது கொல்லர் கடவுள் ஹெஃபைஸ்டோஸ் கடவுளர் வாழும் ஒலிம்பஸ் மலைக்குத் திரும்பும் காட்சி. தாய் ஹீராவுக்கு அவர் அனுப்பிய அரியணை, உட்கார்ந்தவளை எழ விடாமல் பிடித்துக்கொண்டது. விடுவிக்க அவரால்தான் முடியும். போரின் கடவுள் ஏரிஸால் அவரைக் கொண்டுவர முடியவில்லை. தியோனிசஸ் மது ஊட்டி, கழுதை மேல் ஏற்றிக் கூட்டி வருகிறார். கொல்லனின் பாதம் ஒன்று திரும்பியிருக்கிறது, கிளெய்ட்டியாஸ் அதை மறைக்கவில்லை. ஏரிஸ் பின்னால் ஒரு தாழ்ந்த இருக்கையில் குந்தியிருக்கிறார். ஆயுதம் தாங்கியவர் அப்படிச் சுருங்கி உட்கார்ந்ததை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

1900-இல் காவலர் ஒருவர் மரமுக்காலியை வீசியதில் இந்த ஜாடி 638 துண்டுகளாக நொறுங்கியது. ஒட்டிய கோடுகள் தெரிகின்றன. தியோனிசஸின் கண் மட்டும் அதையெல்லாம் தாண்டி நம்மையே பார்க்கிறது.

*

கை என்றதும் பாரிஸ்தான் நினைவுக்கு வருகிறது. லூவ்ர் அருங்காட்சியகத்தில் சமோத்ராக்கித் தீவின் நைக்கி, அதாவது வெற்றித் தேவதை, மாடிப்படி முடியும் இடத்தில், கப்பலின் முகப்பில் வந்து இறங்கிய கோலத்தில். தலை இல்லை, கைகள் இல்லை. எல்லாரும் சிறகைப் பார்க்கிறார்கள். ஈரத்துணி வயிற்றோடு ஒட்டியிருக்கும் அழகைப் பார்க்கிறார்கள். பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது, அதன் எதிரில் நான் போனபோது யாரும் நிற்கவில்லை. உள்ளே ஒரு வலது கை.

சிலை 1863-இல் கிடைத்தது. வெகு காலம் இவள் எக்காளம் ஊதினாள் என்று நினைத்தார்கள், ஏனென்றால் திமித்ரியஸ் மன்னனின் காசுகளில் கப்பல் மேல் நிற்கும் நைக்கி அப்படித்தான் ஊதுகிறாள். 1950-இல் அதே தீவில் உள்ளங்கை கிடைத்தது. கட்டைவிரலும் இன்னொரு விரல் துண்டும் வியன்னா அருங்காட்சியகத்தில் இருந்தன. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் கை விரிந்திருக்கிறது. எக்காளம் பிடித்த கை இல்லை, மாலை பிடித்த கையும் இல்லை. வெறுமனே உயர்த்திய கை. சேதி சொல்ல வந்தவள், கையசைத்துவிட்டு இறங்குகிறாள்.

நான் அந்தப் பெட்டியின் முன் அரைமணி நேரம் நின்றேன். கல்லில் உள்ளங்கை ரேகை தேடினேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

*

அக்கா, நம்புகிறேன். ஒலிம்பியாவில் எங்கள் ஆறு வயது மகள் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

அங்கே சிற்பி பிராக்ஸிட்டிலீஸின் ஹெர்மிஸ் தனி அறையில் நிற்கிறார். 1877-இல் ஹீரா கோயில் இடிபாட்டில் கிடைத்த சிலை. அந்தக் கோயிலில் இப்படி ஒன்று இருந்ததாகப் பயணி பவுசானியாஸ் முன்பே எழுதி வைத்திருந்தார். இடக்கையில் குழந்தை தியோனிசஸ். வலக்கையில் முன்கை உடைந்துவிட்டது. மகள் சிலையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பாப்பா எதைப் பாக்குது?" என்று கேட்டாள். இல்லாத அந்தக் கையைத்தான் குழந்தை பார்க்கிறது. அதில் திராட்சைக் கொத்து இருந்திருக்கும் என்பதுதான் பலருடைய கருத்து. வளர்ந்தால் மதுவின் கடவுள் ஆகப்போகிற பிள்ளைக்கு, அண்ணன் எட்டாத உயரத்தில் பழத்தைக் காட்டி விளையாட்டுக் காட்டுகிறான்.

மகளுக்கு இது சரியாகப் படவில்லை. "குடுத்துருக்கலாம்ல?" என்றாள். ஹெர்மிஸின் முகத்தை நான் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். அவன் கண் பிள்ளை மேல் இல்லை, பழம் இருந்திருக்கக்கூடிய இடத்தின் மேலும் இல்லை. எங்கோ தூரத்தில் இருக்கிறது. கை விளையாடுகிறது, நினைப்பு வேறெங்கோ. வீட்டுக்கு வந்தும் கைபேசியைப் பார்த்தபடி பிள்ளைக்குப் பொம்மை ஆட்டும் என்னை அங்கே கண்டேன்.

பளிங்கு பார்க்க வெள்ளை வெளேர் என்றிருந்தாலும், செருப்பு வாரில் சிவப்பும் பொன்னும் பூசிய தடயம் அறியப்பட்டிருக்கிறது. இதைச் சொன்னதும் மகள் தரையில் உட்கார்ந்து, கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்தே, அந்தக் காலைக் கண் எடுக்காமல் தேடிக்கொண்டிருந்தாள்.