பால் கொடுக்கும்போது உயிர் போகிற வலி: இடப்பக்கம் வாய் வைக்கவே பயமாக இருக்கிறது

பொருநைக்கரைப் பெண்:

அறுவைச் சிகிச்சை மூலம் பெண் குழந்தை பிறந்து ஒரு வாரம் ஆகப்போகிறது. எடை இரண்டே முக்கால் கிலோ. பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். வலப்பக்கம் ஓரளவு சமாளித்துவிடுகிறேன். இடப்பக்கம் அவள் வாய் வைத்தாலே கண்ணில் நீர் முட்டுகிறது, கால்விரல்கள் மடங்கிக்கொள்கின்றன. அவள் குடித்து முடிக்கும்வரை வலி குறைவதே இல்லை. காம்பு வெடித்து நேற்று இரத்தம் கசிந்தது. அவள் வாயை எடுத்ததும் பார்த்தால் காம்பு ஒரு பக்கம் சப்பையாகி, நுனி வெளுத்துப்போயிருக்கிறது. குடிக்கும்போது 'டொக் டொக்' என்ற சத்தமும் கேட்கிறது.

பிரசவம் பார்த்த இடத்தில் சொன்னேன். "பால்தான் வருகிறதே, போகப் போகச் சரியாகிவிடும்" என்றார்கள். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கச் சொல்கிறார். அத்தை, பவுடர் பாலைக் கரைத்துச் சங்கில் புகட்டலாம் என்கிறார். இருவரும் என்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார்கள். எனக்குத் தாய்ப்பால்தான் கொடுக்க வேண்டும். ஆனால் அவள் பசித்து அழத் தொடங்கினாலே எனக்கு நடுக்கம் வந்துவிடுகிறது. அனுபவம் உள்ள அக்காமார் யாராவது வழி சொல்லுங்கள்.

பிரசவ வார்டு அக்கா:

தங்கச்சி, முதலில் ஒன்று. பல்லைக் கடிக்கவே கடிக்காதீர்கள். தொடக்க நாட்களில் குழந்தை இழுக்கும் முதல் சில விநாடிகள் சுருக்கென்று இருப்பது உண்டு. அது தானாக அடங்கிவிடும். குடிக்கும் நேரம் முழுக்க வலிக்கிறது, காம்பு சப்பையாக வெளியே வருகிறது என்றால் குழந்தை காம்பை மட்டும் கவ்வியிருக்கிறது என்று அர்த்தம். அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். "முதல் பிள்ளைக்கு அப்படித்தான்" என்ற ஒரு வார்த்தையால் பால் கொடுப்பதையே நிறுத்திவிட்ட பெண்களைப் பார்த்து மனம் வெந்திருக்கிறேன். உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.

உங்கள் நாக்கை மேல்வரிசைப் பல்லுக்குப் பின்னால் வைத்து அப்படியே பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள். முன்னால் கடினமான எலும்பு, பின்னால் போகப் போக மெத்தென்ற சதை. குழந்தையின் வாயும் அப்படித்தான். காம்பு அந்த மெத்தென்ற இடத்தை ஒட்டிப் போய்விட்டால் வலிக்காது. முன்னாலேயே நின்றுவிட்டால் நாக்குக்கும் எலும்புக்கும் நடுவில் நசுங்கும். உங்களுக்கு நடப்பது இதுதான். ஆகவே காம்போடு, அதைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்தின் பெரும்பகுதியும் அவள் வாய்க்குள் போக வேண்டும்.

வயிற்றில் தையல் இருப்பதால் மடியில் போட்டுக் கொடுப்பது சிரமம். குழந்தையை இடது கக்கத்தில் இடுக்கிக்கொள்ளுங்கள்: கால்கள் உங்கள் முதுகுப் பக்கம், அடியில் தலையணை, உடல் முழுதும் உங்கள் விலாவை ஒட்டி. இடது உள்ளங்கை அவள் தோளையும் கழுத்தடியையும் தாங்கட்டும். பின்தலையைப் பிடித்து அழுத்தாதீர்கள்; அழுத்தினால் திமிறுவாள். வலது கையால் மார்பைத் தாங்குங்கள், விரல்கள் கறுப்பு வட்டத்திலிருந்து தள்ளியே இருக்கட்டும். அவள் மூக்கு காம்புக்கு நேராக வரட்டும். காம்பால் மேலுதட்டை மெல்லத் தடவிக் காத்திருங்கள். லேசாகத் திறந்தால் போதாது. கொட்டாவி விடுகிற அளவுக்கு வாய் திறந்த அந்தக் கணத்தில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், தாடைதான் முதலில் பட வேண்டும். நீங்கள் குனிந்து மார்பை அவள் வாயில் திணித்தால் முதுகும் போகும், பிடியும் நழுவும்.

சரியாகப் பிடித்திருந்தால் தாடை மார்பில் பதிந்திருக்கும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும், கறுப்பு வட்டம் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரியும். முதலில் வேகமாகச் சப்புவாள், பிறகு நிதானமாக இழுத்து விழுங்குவாள். அப்போதும் வலித்தால் பொறுக்காதீர்கள். சுத்தமான சுண்டுவிரலை அவள் வாயோரத்தில் நுழைத்துப் பிடியை விடுவித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். அப்படியே வெடுக்கென்று இழுத்தால் புண் பெரிதாகும்.

புண்ணுக்கு, பால் கொடுத்தபின் இரண்டு சொட்டுத் தாய்ப்பாலையே தடவிக் காற்றில் உலரவிடுங்கள். அங்கே சோப்பு போட வேண்டாம். இரத்தம் கொஞ்சம் கலந்து போனாலும் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. வலி தாங்கவே முடியாத வேளைக்கு உங்கள் பாலையே கையால் பீச்சி எடுத்துச் சங்கில் கொடுங்கள். அத்தையிடம் அந்த வேலையை ஒப்படைத்தால் அவருக்கும் மனம் நிறையும். சங்கைக் கொதிக்க வைத்து எடுப்பது மட்டும் தவறக் கூடாது.

கோவை அம்மா:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. அந்த 'டொக் டொக்' சத்தத்தைப் பற்றி மட்டும் நான் சேர்த்துச் சொல்கிறேன். பிடி தளர்ந்து காற்று போனாலும் அந்தச் சத்தம் வரும். என் மகனுக்குப் பிடியைத் திருத்திய பிறகும் அது நிற்கவில்லை. அவன் அழும்போது நாக்கு மேலே எழும்பவே எழும்பாது. நுனி நடுவில் மடிந்து இதய வடிவில் தெரியும். குழந்தை மருத்துவர் விரலை உள்ளே விட்டு நாக்கின் அடிச் சவ்வைத் தொட்டுப் பார்த்தார். நாக்கு ஒட்டியிருக்கிறது என்று சொல்லி அந்தச் சவ்வைச் சிறிதாக வெட்டிவிட்டார். உடனே மார்பில் போடச் சொன்னார், குடித்தான். என் வலி அன்றே மறையவில்லை, நாள்போக்கில்தான் விட்டது. நாக்கு ஒட்டியிருக்கும் எல்லாக் குழந்தைக்கும் வெட்ட வேண்டியதில்லை என்றும் அவரே சொன்னார். பிடியைத் திருத்திப் பாருங்கள், சரிவராவிட்டால் நாக்கைக் காட்டிக் கேளுங்கள்.

குடித்து முடித்த பிறகும் ஊசி குத்துவது போல எரிந்தாலோ, குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தாலோ அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தாய், பிள்ளை இருவருக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும்.

திருச்சி அப்பா:

உங்கள் கணவர் இதைப் படிக்கட்டும். என் மனைவி பால் கொடுக்க உட்காரும்போது தலையணையை உயர்த்தி வைப்பதும், ஒரு செம்பு தண்ணீர் பக்கத்தில் வைப்பதும், குழந்தை பார்க்க வந்தவர்களைத் திண்ணையிலேயே உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருப்பதும் என் வேலை. அறையில் நாலு பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால் எந்தத் தாய்க்கும் தோள் இறுகிவிடும். கீழுதடு மடிந்திருக்கிறதா என்பது அவளுக்கு மேலிருந்து தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொன்னது நான்தான்.

பொருநைக்கரைப் பெண்:

எல்லோருக்கும் நன்றி. கக்கத்தில் இடுக்கிக் கொடுத்துப் பார்த்தேன். பல தடவை சுண்டுவிரலால் எடுத்துவிட வேண்டியிருந்தது. விடியற்காலையில் ஒரு முறை நன்றாகப் பிடித்தாள். காம்பு உருண்டையாகவே வெளியே வந்தது! அந்தச் சத்தமும் அப்போது இல்லை. ஆனால் இடப்பக்கத்தில் குறைவாகக் கொடுத்துவந்ததால் இப்போது பால் கட்டிக் கல்லாகிவிட்டது. அவளால் கவ்வ முடியாமல் வாய் வழுக்குகிறது.

பிரசவ வார்டு அக்கா:

உருண்டையாக வந்தது என்று படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பால் கட்டியிருக்கும்போது கறுப்பு வட்டம் விறைத்துவிடும், அதனால்தான் வழுக்குகிறது. வாய் வைக்கும் முன் காம்பைச் சுற்றி விரல்நுனிகளை வைத்து நெஞ்சுப் பக்கமாக ஒரு நிமிடம் மெல்ல அழுத்துங்கள். கொஞ்சம் பாலைப் பீச்சிவிடுங்கள். அந்த இடம் இளகியதும் குழந்தையைப் போடுங்கள். கொடுத்து முடித்தபின் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை மார்பின்மேல் போட்டுக்கொண்டால் வீக்கம் வற்றும். யாரையும் அழுத்தித் தேய்க்க விடாதீர்கள். பால் கட்டியிருக்கிறது என்று கொடுப்பதை நிறுத்தவும் வேண்டாம். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை அவள் குடிக்கட்டும்.

மார்பில் ஓரிடம் சிவந்து சூடாகி, குளிர்காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். குழந்தைக்குப் பால் போதுமா என்பதற்குச் சிறுநீரைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 6 தடவையாவது நன்றாக நனைத்து, மலமும் மஞ்சளாகிவிட்டால் பவுடர் பாலுக்குத் தேவை இல்லை. சிறுநீர் குறைந்தாலோ, குடிக்க எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ உடனே குழந்தையைக் காட்டுங்கள். பிறந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட வேண்டும், எடை போட்டுப் பாருங்கள். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்தால் அவர் முன்னாலேயே பால் கொடுத்துக் காட்டுங்கள். வாயால் விவரிப்பதைவிட அவர் கண்ணால் பார்த்துத் திருத்துவது எளிது. நடுராத்திரியில் சந்தேகம் வந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்குப் பேசலாம்.