மான் வேட்டைக்கு நிலையான அம்புமுனையா, விரியும் முனையா?
பெங்களூரு நண்பர்களுக்கு வணக்கம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இங்கே வேட்டையைத் தடைசெய்திருப்பதால், அல்சூரில் இலக்குப் பலகையில் மட்டுமே அம்பு எய்து பழகிய நான், வரும் அக்டோபரில் டெக்சாஸில் வசிக்கும் அண்ணனுடன் உரிய உரிமம் பெற்று வெண்வால் மான் வேட்டைக்குச் செல்லவிருக்கிறேன். கப்பிகள் பொருத்திய என் காம்பவுண்ட் வில்லின் இழுவிசை (நாணை இழுக்கத் தேவையான விசை) 45 பவுண்டுதான். பட்டவுடன் அலகுகள் (வெட்டும் தகடுகள்) விரியும் மெக்கானிக்கல் முனை, பயிற்சி முனையைப் போலவே நேராகப் பறந்து அகலமாக வெட்டும் என்றாலும், விரிவதற்கே அம்பின் ஆற்றலில் ஒரு பங்கைச் செலவிடுவதால், போதிய ஆழம் இறங்காமல் மான் காயத்தோடு ஓடி அவதிப்படுமோ என்று அஞ்சுகிறேன். அலகு நிலையாக உள்ள முனை ஆழமாக இறங்கும். ஆனால் வில்லுக்கு அம்பு சரியாகப் பொருந்தாவிட்டால் பாதை விலகும். இருந்தாலும் என் மனம் இந்த நிலையான முனையின் பக்கமே சாய்கிறது. குறைந்த இழுவிசையில் வேட்டையாடிய அனுபவம் உள்ளவர்கள், முனைக்கு 100 கிரெயின் (சுமார் 6.5 கிராம்) எடை போதுமா, இரண்டு அலகா மூன்று அலகா என்பதையும் தெரிவித்து உதவ வேண்டுகிறேன்.