புதுப்பிப்பு: பெரியம்மாவின் திருமண கவுன்

1958இல் பினாங்குத் தேவாலயத்தில் பெரியம்மா அணிந்த திருமண கவுனை என் மகளுக்காகப் பிரித்துத் தைக்கலாமா, அப்படியே பாதுகாக்க வேண்டுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். இப்போது முடிவெடுத்தாகிவிட்டது.

கவுன் சாட்டின் என்னும் வழவழப்பான பளபளப்புத் துணி என்று எழுதியிருந்தேன்; சாட்டின் என்பது நெசவின் பெயரே அன்றி நூலின் பெயரன்று என்று ஒருவர் நினைவூட்டியிருந்தார். ஆகவே ஜார்ஜ் டவுனில் நெடுநாளாகத் தைத்துவரும் அக்கா ஒருவர் உள்மடிப்பிலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்த்தார். அது செயற்கை இழைபோல் உருகித் திரளாமல், முடி பொசுங்கும் வாடையுடன் கரிந்து பொடியானதால் பட்டுதான் என்பது உறுதியாயிற்று. ஆனால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் பைக்குள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்த அந்தப் பட்டு, அக்குளிலும் இடுப்பிலும் தொட்டாலே கிழிகிறது. மஞ்சள் கறைக்கு பிளீச் போடச் சொன்னவர்கள் மன்னிக்க வேண்டும். குளோரின் பிளீச் பட்டு நாரையே கரைத்துவிடும்.

லேஸ் மட்டும் பருத்தி என்பதால் இன்னும் உறுதியாக இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்துப் புதிய கவுனின் கழுத்திலும் கைகளிலும் வைத்துத் தைக்கிறோம். மரபைக் குலைக்கிறேன் என்று (சற்றுக் கடுமையாகவே) வருந்தியவர்களுக்கு ஒன்று சொல்வேன்: விக்டோரியா அரசி 1840இல் தம் மணநாளில் அணிந்த ஹானிட்டன் லேஸ் (இங்கிலாந்தின் ஹானிட்டன் ஊர்ப் பெயர் பெற்ற லேஸ்) முக்காட்டை, 1885இல் அவருடைய கடைசி மகள் பியாட்ரிஸ் தம் திருமணத்தில் அணிந்தார்.

எஞ்சிய கவுன் அமிலமற்ற தாளில் சுற்றப்பட்டுப் பெட்டியில் இருக்கிறது. பெரியம்மாவிடம் அனுமதி கேட்டபோது, "இடுப்பை மட்டும் தளர்வாகத் தைக்கச் சொல், அன்று என்னால் விருந்தே சாப்பிட முடியவில்லை" என்றார்.