கதையில் எப்போதும் வெயில்தான்: யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். மகன் தொடக்கநிலை 5, அடுத்த ஆண்டு பிஎஸ்எல்இ (சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு). ஆங்கிலம் சரளமாகப் பேசுகிறான். ஆங்கிலக் கட்டுரை எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். ஒரு தலைப்பு, மூன்று படங்கள், குறைந்தது 150 சொற்கள். துணைப்பாட வகுப்பில் மனப்பாடம் செய்த வரிகளை அப்படியே இறக்கிவிடுகிறான். போன வாரம், இரவில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பூனை தொலைந்த கதை. முதல் வரியே, நீல வானில் சூரியன் தகதகவென்று ஒளிர்கிறது! நான் சிரித்துவிட்டேன், தப்புதான். அவன் முகம் வாடிவிட்டது.

வாயால் கேட்டால், மோட்டார் சைக்கிளுக்கு அடியில் பூனையின் கண் மட்டும் மின்னியதை அழகாகச் சொல்கிறான். தாளில் அது வருவதே இல்லை. முதலில் பேசவைத்துப் பதிவு செய்து, அப்புறம் எழுதவைக்கலாமா? செய்து பார்த்தவர்கள், ஆசிரியர்கள் யாராவது சொல்லுங்கள். பிழைகளை எந்த அளவுக்குத் திருத்துவது? சிவப்புப் பேனாவைக் கண்டாலே நோட்டை மூடிவிடுகிறான்.