சிறுமலை ஓடைப் பள்ளத்தில் தனியாக ஒரு ராத்திரி தங்கலாமா?

விளாங்குடி வாசி:

எல்லோருக்கும் வணக்கம். நாகமலை, சமணர் மலை, யானைமலை என்று நம்ம ஊர் சுற்றுப்பட்டுப் பாறைகளில் தனியாக ஏறிப் பழக்கம் உண்டு, ஆனால் அதெல்லாம் விடிகாலையில் ஏறி வெயில் உறைப்பதற்குள் இறங்கிவிடுகிற கணக்கு. ரொம்ப நாளாக ஒரு ஆசை. வாடிப்பட்டிப் பக்கம் சிறுமலை அடிவாரத்தில் இருந்து ஏதாவது ஒரு ஓடையைப் பிடித்து மேலே ஏறி, இரண்டு பக்கமும் சரிவும் மரமுமாக இருக்கிற பள்ளத்துக்குள் டென்ட் போட்டு, ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்துவிட்டு மறுநாள் இறங்க வேண்டும். மே மாதம் லீவு கிடைக்கும், அப்போது போகலாம் என்று இருக்கிறேன். துணைக்கு யாரும் வேண்டாம், தனியாகப் போவதுதான் எனக்கு முக்கியம். அனுமதி எங்கே வாங்குவது, பள்ளத்தில் எந்த இடத்தில் படுப்பது, எதெல்லாம் எடுத்துப் போவது என்று போய் வந்தவர்கள் சொல்லுங்கள். அம்மா இப்போதே பயப்பட ஆரம்பித்துவிட்டார்கள்.

நாகமலை நடையன்:

தம்பி, முதலில் அனுமதி விஷயம். சிறுமலைச் சரிவு பெரும்பாலும் காப்புக்காடு. வனத்துறைக்குத் தெரியாமல் உள்ளே போனாலே வழக்கு, அதிலும் ராத்திரி டென்ட்டோடு ஒருவனைப் பார்த்தால் வேட்டைக்கு வந்தவன் என்றுதான் முதலில் நினைப்பார்கள். 2018 மார்ச் 11 தேனிப் பக்கம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்களே, அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு என்று தனியாக விதிகளே வந்தன. 2024 அக்டோபரில் அரசாங்கம் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 வழித்தடங்களைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம், உள்ளூர் மலை ஆட்களே வழிகாட்டியாக வருவார்கள். ஆனால் அதெல்லாம் பகல் நடை, சாயங்காலத்துக்குள் இறக்கிவிட்டுவிடுவார்கள். கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி கிராமம் வரைக்கும் ஒன்று இருக்கிறது, சரிவில் அப்படியே கீழே இறங்குகிற பழைய பாதை, உங்களுக்குப் பிடிக்கும். காட்டுக்குள் தனியாக ராத்திரி தங்குவதற்கு என்று நீங்கள் கேட்கிற சீட்டு கிடையாது. பட்டா நிலத்தில் யாராவது இடம் கொடுத்தால் அது வேறு கதை.

வைகைக்கரை:

மே மாதம், ஓடைப் பள்ளம், ராத்திரி, தனியாள். இந்த நான்கும் ஒன்றாகச் சேரவே கூடாது. கோடை மழை நம்ம பக்கம் எப்படி என்று உங்களுக்கே தெரியும், பகல் முழுக்கக் கொளுத்திவிட்டு நாலு மணிக்கு மேல் மலை உச்சியில் மட்டும் இடித்துக் கொட்டும், கீழே ஒரு சொட்டு விழாது. கொட்டின தண்ணீர் முழுக்கப் பள்ளத்தில்தான் இறங்க வேண்டும். 2015 மே மாதம் சதுரகிரியில் சாமி கும்பிடப் போனவர்கள் காட்டாற்றில் அடித்துப் போகப்பட்டது இப்படித்தான். கும்பக்கரை அருவியில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே குளிக்கத் தடை போடுகிறார்கள் என்றால், மேலே கொடைக்கானல் பக்கம் மழை பெய்திருக்கிறது என்று அர்த்தம்.

ஓடையில் தண்ணீர் திடீரென்று கலங்குகிறது, சருகும் குச்சியும் மிதந்து வருகிறது, மேலே இருந்து ஒரு உறுமல் கேட்கிறது என்றால் பையைத் தேடாமல் பக்கவாட்டில் மேலே ஏற வேண்டும், ஓடையோடு கீழே ஓடக் கூடாது. பகலில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ராத்திரி டென்ட்டுக்குள் படுத்துக்கொண்டு எதைப் பார்ப்பீர்கள்? போகிற வழியில் மரக்கிளைகளில் சருகும் வைக்கோலும் சிக்கியிருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள், போன வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. சில இடங்களில் அது நம் தலைக்கு மேலே இருக்கும்.

மழை இல்லாத மாதம் என்றால் தீ. பிப்ரவரி நடுவில் இருந்து புல் காய்ந்துவிடும், 2025-ல் ஏப்ரல் நடு வரைக்கும் அரசு வழித்தடங்களையே மூடினார்கள். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஏறும், ஒடுங்கின பள்ளம் காற்றை இழுத்து அதை இன்னும் ஏற்றிவிடும். போனால் ஜனவரியில் போங்கள், ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும், புல் இன்னும் பச்சையாக இருக்கும். குளிர் காற்று ராத்திரியில் சரிவில் இறங்கிப் பள்ளத்தில்தான் தேங்கும், அதனால் அப்போதும் மேட்டில் படுப்பதுதான் உடம்புக்கும் நல்லது.

தெப்பக்குளம் சிஸ்டர்:

நான் செவிலியர், அதனால் என் கவலை வேறு. தரையில் படுப்பவர்களைக் கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன். ராத்திரியில்தான் வரும், கடித்தது பல பேருக்குத் தெரிவதே இல்லை, வலியோ வீக்கமோ இருக்காது. விடியும்போது வயிற்று வலி, இமை தூக்க முடியவில்லை என்று வருவார்கள். டென்ட் வாங்கினால் அடித்துணியும் சுவரும் ஒன்றாகத் தைத்ததாகப் பார்த்து வாங்குங்கள், ஒரு நிமிடம் வெளியே போனாலும் ஜிப்பைக் கடைசி வரை இழுத்து மூடுங்கள், ஷூவை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், டார்ச் இல்லாமல் ஒரு அடி வைக்காதீர்கள். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். தனியாக, சிக்னல் இல்லாத பள்ளத்தில் இருந்து 108-ஐ எப்படிக் கூப்பிடுவீர்கள்? அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது தம்பி.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. புதரிலும் புல்லிலும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடித்து வருகிற ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல். போய் வந்து பத்து நாள் கழித்துக் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு எல்லாம் பாருங்கள், சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கலாம், எல்லோருக்கும் இருக்காது. டாக்டரிடம் "காட்டில் படுத்திருந்தேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளினில் சரியாகிவிடும், விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும்.

விளாங்குடி வாசி:

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. மே மாதத்தை விட்டுவிடுகிறேன், ஜனவரிக்கு லீவு கேட்கிறேன். அப்போ மலை மேல் யாருடைய தோட்டத்திலாவது கேட்டுத் தங்கிக்கொண்டு, பகலில் மட்டும் தோட்டத்து ஓரமாக நடந்தால் போதுமா? தனிமை போய்விடுமோ என்றுதான் யோசிக்கிறேன். தண்ணீரை ஓடையில் பிடித்துக் காய்ச்சிக் குடிக்கலாம்தானே?

பழையூர்த் தோட்டம்:

எங்களுக்குச் சிறுமலையிலேயே தோட்டம், மிளகும் காப்பியும் வாழையும். தனிமைக்கு ஒரு குறையும் வராது, பொழுது சாய்ந்தால் இங்கே ஆள் நடமாட்டம் கிடையாது. திண்டுக்கல்லில் இருந்து பஸ்ஸில் வாருங்கள், 18 கொண்டை ஊசி வளைவு. இறங்கி டீக்கடையில் விசாரித்தால் யார் தோட்டத்தில் தங்க இடம் கொடுப்பார்கள் என்று சொல்லிவிடுவார்கள், முன்கூட்டியே ஒருமுறை பகலில் வந்து பேசிவிட்டுப் போவது நல்லது. யாருடைய தோட்டம், எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்பிப் பேசுவீர்கள் என்று எழுதி வீட்டில் கொடுங்கள், தோட்டக்காரர் நம்பரையும் சேர்த்து.

நடப்பதற்கு எங்கள் குதிரைப் பாதையே போதும், மூட்டை ஏற்றுகிற குதிரை போய்ப் போய் நன்றாகத் தேய்ந்து கிடக்கும், வழி தவறாது. ஆனால் காலை ஏழு மணிக்கு முன்னாலும் சாயங்காலம் ஐந்துக்குப் பின்னாலும் நடக்காதீர்கள், காட்டுமாடு மேய வருகிற நேரம். கூட்டத்தை விட ஒண்டியாக நிற்கிற கிடா மாடுதான் ஆபத்து. அது தலையைத் தூக்கி நம்மையே பார்த்துக்கொண்டு நின்றால், போட்டோ எடுக்காமல் மெதுவாகப் பின்னால் நகர்ந்து பெரிய மரத்துக்குப் பின்னே போய்விடுங்கள், அதற்குப் போக வழி இருந்தால் அது பாட்டுக்குப் போய்விடும். டென்ட்டைக் கொட்டகைச் சுவரை ஒட்டிப் போடுங்கள், வாழைக்குப் பக்கத்தில் வேண்டாம், ராத்திரி மாடு அங்கேதான் வரும். நெருப்புப் போடவே கூடாது. புளிசாதமும் கடலை மிட்டாயும் கட்டிக்கொண்டு வந்தால் சமைக்கிற வேலையும் இல்லை. ஜனவரியில் பனி டென்ட்டின் உள்பக்கமே சொட்டும், கம்பளி ஒன்று அதிகமாகவே இருக்கட்டும்.

ஓடைத் தண்ணீரைக் காய்ச்சினாலும் குடிக்காதீர்கள் தம்பி. மேலே தோட்டங்களில் பூச்சி மருந்து அடிக்கிறோம், மழையில் அது ஓடைக்குத்தான் இறங்கும், காய்ச்சினால் கிருமி சாகுமே தவிர மருந்து போகாது. ஊருக்குள்ளேயே நாலு லிட்டர் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பியுங்கள்.